கொன்றது நானா, அவனா? - துப்பறியும் கதைகளில் இரட்டை மனிதர்கள்

துப்பறியும் கதை என்றாலே ஒரே ஒரு கேள்விதான். கொலை செய்தது யார்? முந்நூறு பக்கம் நம்மை அலைக்கழித்துவிட்டுக் கடைசி அத்தியாயத்தில் ஒரு பெயரைச் சொல்வார்கள். கைவிலங்கு மாட்டியதும் கதை முடிந்துவிடும்.

ஆனால் ஒரு வகைக் கதையில் மட்டும் பெயர் தெரிந்த பிறகுதான் சிக்கலே ஆரம்பிக்கிறது. கத்தி பிடித்த கை இன்னாருடையது என்று தெரிந்துவிட்டது. அந்தக் கைக்குச் சொந்தக்காரர், "எனக்கு எதுவுமே நினைவில்லை, அதைச் செய்தது எனக்குள் இருக்கும் வேறொருவன்" என்கிறார். உடல் ஒன்று, ஆள் இரண்டு. இப்போது யாரைத் தூக்கில் போடுவது? ஒருவனைப் போட்டால் இன்னொருவனும் சேர்ந்தல்லவா சாகிறான்!

இந்தக் கேள்விக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. நாவலாசிரியர்கள், நீதிபதிகள், மனநல மருத்துவர்கள் ஆகிய மூன்று தரப்பினரும் மாறி மாறி எழுதிய வரலாறு அது. ஒருவர் சரக்கை இன்னொருவர் கடன் வாங்கியதும் உண்டு. அதைக் கொஞ்சம் வரிசையாகப் பார்க்கலாம்.

(எச்சரிக்கை: 'தி மூன்ஸ்டோன்', 'ஜெகில் அண்ட் ஹைட்', 'பீஸ்ட் இன் வியூ', 'சைக்கோ', 'பிரைமல் ஃபியர்', 'அந்நியன்' ஆகியவற்றின் முடிவுகள் கீழே சொல்லப்படுகின்றன. படிக்காதவர்கள், பார்க்காதவர்கள் ஜாக்கிரதை!)

பகலில் கவுன்சிலர், இரவில் திருடன்

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரம். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பாதி. வில்லியம் பிராடி என்பவர் அங்கே பெரிய மனிதர். அலமாரி, மேஜை செய்வதில் கைதேர்ந்தவர். தச்சர்கள் சங்கத்தின் தலைவர் என்பதால் 'டீக்கன் பிராடி' என்று பெயர். நகர மன்றத்தில் உறுப்பினரும்கூட. பூட்டுகள் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் அவருடைய தொழிலில் சேர்த்தி. அதனால் ஊரில் உள்ள பணக்காரர்கள் வீட்டுக் கதவெல்லாம் அவருக்குத் திறந்திருந்தன.

பகலில் பூட்டு மாட்டப் போன வீட்டுச் சாவியை மெழுகில் அச்சு எடுத்துக்கொள்வார். இரவில் கள்ளச்சாவியோடு அதே வீட்டுக்குப் போவார். சூதாட்டம், சேவல் சண்டை, மனைவி என்று ஊரறியாத இரண்டு பெண்கள், அவர்களுக்குப் பிள்ளைகள்... செலவுக்குப் பணம் வேண்டுமே! 1788-ல் கூட்டாளிகளோடு கலால் அலுவலகத்தில் கைவைத்தார். பெருந்தொகையை எதிர்பார்த்துப் போனவர்களுக்குக் கிடைத்தது 16 பவுண்டு சொச்சம். கூட்டாளி ஒருவன் காட்டிக் கொடுக்க, பிராடி ஹாலந்துக்குத் தப்பி ஓடினார். ஆம்ஸ்டர்டாமில் பிடிபட்டார். 1788 அக்டோபர் 1 அன்று எடின்பரோவில் தூக்கிலிடப்பட்டார்.

பிராடி கொலைகாரர் அல்ல. மனநோயாளியும் அல்ல. பகல் பிராடி செய்வது இரவு பிராடிக்குத் தெரியும், இரவு பிராடி செய்வது பகல் பிராடிக்குத் தெரியும். அதனால் நீதிமன்றத்துக்கு எந்தக் குழப்பமும் வரவில்லை. பிறகு ஏன் அவரை இங்கே சொல்ல வேண்டும்? அவர் செய்த அலமாரி ஒன்று, சுமார் எழுபது வருஷம் கழித்து அதே எடின்பரோவில் ஒரு சிறுவனின் அறையில் நின்றுகொண்டிருந்தது. அந்தச் சிறுவனின் பெயர் ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன்.

ஒரு துப்பாக்கியும் ஒரு சட்டமும்

ஸ்டீவன்சனிடம் போவதற்கு முன் லண்டனுக்கு ஒரு நடை போய்வர வேண்டும். 1843 ஜனவரி 20. டேனியல் மெக்நாட்டன் என்ற மரக்கடைசல்காரர், எட்வர்ட் டிரம்மண்ட் என்பவரை நடுத்தெருவில் பின்னாலிருந்து சுட்டார். டிரம்மண்ட் அப்போதைய பிரதமர் ராபர்ட் பீலின் தனிச்செயலாளர். அவரைத்தான் பிரதமர் என்று மெக்நாட்டன் தவறாக நினைத்திருந்தார். ஐந்து நாளில் டிரம்மண்ட் இறந்துபோனார்.

ஆளும் டோரி கட்சிக்காரர்கள் இரவும் பகலும் தன்னைத் துரத்தித் துன்புறுத்துவதாக மெக்நாட்டன் நம்பிக்கொண்டிருந்தார். மருத்துவர்கள் வந்து சாட்சி சொன்னார்கள். சித்தம் கலங்கியவர் என்று நடுவர் குழு அவரை விடுவித்தது. வீட்டுக்கு அனுப்பவில்லை, பைத்தியக்கார மருத்துவமனைக்குத்தான். 1865-ல் அவர் இறந்ததும் அப்படியொரு மருத்துவமனையில்தான்.

ஆனாலும் ஊர் கொதித்தது. விக்டோரியா மகாராணிக்கும் கோபம். 1840-ல் அவரைச் சுட முயன்றவனும் இதே காரணத்தைச் சொல்லித்தானே தூக்கிலிருந்து தப்பினான்! பிரபுக்கள் சபை நீதிபதிகளை அழைத்து, "பைத்தியம் என்று சட்டம் எதைச் சொல்கிறது?" என்று கேட்டது. அவர்கள் தந்த பதில்தான் புகழ்பெற்ற 'மெக்நாட்டன் விதிகள்'. சாரம் இதுதான்: மனநோயின் காரணமாக, தான் என்ன செய்கிறோம் என்பதே ஒருவனுக்குத் தெரியாமல் இருந்திருக்க வேண்டும். அல்லது, செய்வது தெரிந்தாலும் அது தவறு என்று தெரியாமல் இருந்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இருந்தால்தான் விடுதலை.

இந்தியாவுக்கும் இதே அளவுகோல்தான் வந்தது. மெக்காலே தலைமையிலான குழு 1837-ல் வரைவு எழுதி, 1860-ல் சட்டமான இந்திய தண்டனைச் சட்டத்தின் 84-வது பிரிவு ஏறக்குறைய இதையே சொன்னது. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தபோதும் விஷயம் மாறவில்லை, எண்தான் 22 என்று மாறியது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சட்டம் கேட்கும் கேள்வி, "அந்த நேரத்தில் உனக்குத் தெரிந்ததா?" என்பது. "உனக்குள் எத்தனை பேர்?" என்று சட்டம் கேட்கவே இல்லை. கதைகளோ இந்த இரண்டாவது கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டன. இவற்றுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் இந்த வகைக் கதைகள் எல்லாமே வாழ்கின்றன.

தன்னையே தேடியவன்

1868-ல் வில்கி காலின்ஸ் எழுதிய 'தி மூன்ஸ்டோன்' வெளிவந்தது. ஆங்கிலத் துப்பறியும் நாவல்களுக்கு முன்னோடி என்று கொண்டாடப்படும் புத்தகம். இந்தியக் கோயிலிலிருந்து கொள்ளைபோன ஒரு வைரம், இங்கிலாந்தில் ஒரு பெண்ணின் அறையிலிருந்து இரவோடிரவாகக் காணாமல் போகிறது. திருடனைக் கண்டுபிடிக்க மற்ற எல்லோரையும்விட அதிகம் துடிப்பவன் பிராங்க்ளின் பிளேக். கதவில் அப்போதுதான் பூசிய பெயிண்ட், திருடனின் உடையில் ஒட்டியிருக்க வேண்டும் என்று தெரிகிறது. கறை படிந்த அந்த இரவு உடுப்பும் ஒருநாள் கிடைக்கிறது. பிரித்துப் பார்த்தால் அதில் பிளேக்கின் பெயரே தைக்கப்பட்டிருக்கிறது!

நடந்தது இதுதான். மருத்துவத்தைக் கேலி பேசிய பிளேக்குக்குப் பாடம் கற்பிக்க, ஒரு டாக்டர் அவனுக்குத் தெரியாமல் அபின் கலந்து கொடுத்திருக்கிறார். வைரம் பத்திரமாக இருக்க வேண்டுமே என்ற கவலையோடு படுத்தவன், மயக்கத்தில் எழுந்துபோய் அவனே அதை எடுத்துவிட்டான். காலையில் எதுவும் நினைவில்லை.

கொலை இல்லாத குற்றம் என்றாலும், இரட்டை மனிதர் கதைகளின் எலும்புக்கூடு இங்கே தயாராகிவிட்டது. தேடுபவனும் தேடப்படுபவனும் ஒருவனே. ஆனால் காலின்ஸ் நியாயமான எழுத்தாளர். பிளேக்கைக் குற்றமற்றவன் என்று சொல்வதற்கு அவர் வைக்கும் காரணங்கள் உறுதியானவை. அபினை அவன் கேட்டு வாங்கவில்லை. எடுக்கும்போது திருடும் எண்ணமும் இல்லை. இதில் முதல் காரணத்தைக் கொஞ்சம் மாற்றினால் என்ன ஆகும்? மருந்தை அவனே தயாரித்து, அவனே குடித்திருந்தால்?

ஜெகில் திறந்த வங்கிக் கணக்கு

அந்தக் கதையைத்தான் ஸ்டீவன்சன் எழுதினார். 1886 ஜனவரியில் 'டாக்டர் ஜெகில் அண்ட் மிஸ்டர் ஹைட்' வெளிவந்தது. இன்று தெருவில் போகும் யாருக்கும் ஜெகிலும் ஹைடும் ஒருவரே என்பது தெரியும். அதனால் ஒன்றை மறந்துவிடுகிறோம். 1886-ன் வாசகருக்கு அது ஒரு மர்மக் கதை! மொத்தம் பத்து அத்தியாயங்களில் எட்டு முடியும்வரை உண்மை வெளியே வராது.

துப்பறிபவர் அட்டர்சன் என்ற வழக்கறிஞர். தடயங்கள் எல்லாம் காகிதங்கள். ஜெகில் எழுதிவைத்த விசித்திரமான உயில், ஹைட் கொடுத்த காசோலையில் இருந்த ஜெகிலின் கையெழுத்து, ஒரே சாயலில் இரண்டு கடிதங்கள். பிறகு நள்ளிரவுத் தெருவில் சர் டான்வர்ஸ் கேரூ என்ற முதியவர் கைத்தடியால் அடித்தே கொல்லப்படுகிறார். உடைந்த கைத்தடியைப் பார்த்தால், அது அட்டர்சன் எப்போதோ ஜெகிலுக்குப் பரிசளித்தது.

ஸ்டீவன்சன் சட்டம் படித்தவர். 1875-ல் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டவர், தொழில்தான் செய்யவில்லை. டீக்கன் பிராடியைப் பற்றி நண்பர் ஹென்லியோடு சேர்ந்து நாடகமும் எழுதியவர். அதனால்தானோ என்னவோ, ஜெகில் தன்னை இரண்டாக்கிக்கொள்ளும் ஏற்பாட்டைக் கணக்குப்பிள்ளை மாதிரி விவரமாக எழுதியிருக்கிறார். ஹைடுக்குத் தனி வீடு பிடிக்கிறார். தனியாக ஒரு வங்கிக் கணக்கு. தன் எழுத்தையே பின்பக்கம் சாய்த்து எழுதி, ஹைடுக்கென்று ஒரு கையெழுத்து. தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் சொத்தெல்லாம் ஹைடுக்கு என்று உயில்.

கம்பெனிச் சட்டம் படித்தவர்களுக்கு இது பழகிய காட்சியாக இருக்கும். இங்கிலாந்தில் 1855-லேயே 'வரையறுக்கப்பட்ட பொறுப்பு' சட்டமாகிவிட்டது. கதை வந்து பத்து வருஷம் கழித்து, 1896-ல், புகழ்பெற்ற சாலமன் வழக்கில் பிரபுக்கள் சபை ஒரு தீர்ப்புச் சொன்னது: முறைப்படி பதிவான கம்பெனி வேறு, அதை நடத்தும் முதலாளி வேறு. கம்பெனி பட்ட கடனுக்கு முதலாளியின் சொந்தச் சொத்தைத் தொட முடியாது. ஜெகில் செய்ததும் இதைத்தான். லாபம், அதாவது இன்பம், ஜெகிலுக்கு. நஷ்டமும் பழியும் 'ஹைட் லிமிடெட்' கணக்கில். பாவம் செய்தது ஹைட், தான் சுத்தம் என்று ஜெகில் தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொள்கிறார். ஆனால் மோசடிக்காகவே கம்பெனி தொடங்கினால் நீதிமன்றம் அதன் முகத்திரையை விலக்கிப் பின்னால் இருப்பவரைப் பிடிக்கும். ஸ்டீவன்சனும் அதையே செய்கிறார்.

எப்படி? கடைசி அத்தியாயம் ஜெகிலின் வாக்குமூலம். அதில் 'நான்', 'அவன்' என்ற இரண்டு சொற்களையும் கவனித்துப் படிக்க வேண்டும். கேரூவை அடித்துக் கொன்ற கணத்தை விவரிக்கும்போது ஜெகில் 'நான்' என்றே எழுதுகிறார். அடிக்க அடிக்க வந்த ஆனந்தத்தையும் மறைக்கவில்லை. பிறகு போலீசுக்குப் பயந்து லண்டன் தெருக்களில் ஓடி ஒளியும் இடம் வருகிறது. அங்கேதான் 'நான்' என்று சொல்ல முடியவில்லை என்று 'அவன்' என்று மாற்றிக்கொள்கிறார். கொலை செய்யும்போது நான், மாட்டிக்கொள்ளும்போது அவன்!

மெக்நாட்டன் விதியை வைத்துப் பார்த்தால் ஹைட் தப்பவே முடியாது. அவனுக்குத் தான் செய்வது தெரியும், தவறு என்றும் தெரியும், அதனால்தான் ஓடுகிறான். ஜெகிலும் தப்ப முடியாது. மருந்தைக் கரைத்தவர் அவர், ஒவ்வொரு முறையும் விரும்பிக் குடித்தவரும் அவர். ஆனால் இந்த வழக்கு எந்த நீதிபதியின் முன்னாலும் வரவில்லை. கதவை உடைத்துக்கொண்டு அட்டர்சன் நுழையும்போது ஹைட் விஷம் குடித்துக் கிடக்கிறான். இந்த வகைக் கதைகளில் பல, இப்படித்தான் நீதிமன்ற வாசலில் நின்றுவிடுகின்றன.

1888-ல் கதை மேடை நாடகமாக லண்டனுக்கு வந்தது. ரிச்சர்ட் மான்ஸ்ஃபீல்ட் என்ற நடிகர் மேடையிலேயே ஜெகிலிலிருந்து ஹைடாக மாறிக் காட்டினார். அதே மாதக் கடைசியில்தான் ஒயிட்சேப்பல் பகுதியில் 'ஜாக் தி ரிப்பர்' கொலைகள் தொடங்கின. இவ்வளவு தத்ரூபமாக நடிப்பவர்தான் கொலைகாரராக இருக்க வேண்டும் என்று ஒருவர் போலீசுக்குக் கடிதமே எழுதிப் போட்டார். கற்பனை எவ்வளவு சீக்கிரம் நிஜத்துக்குள் நுழைந்துவிடுகிறது பாருங்கள்.

அம்மா செய்தாள், மகன் செய்தான்

இருபதாம் நூற்றாண்டின் முன்பகுதியில், அகதா கிறிஸ்டி காலத்துத் துப்பறியும் கதைகளில் இரட்டை மனிதர்களுக்கு அதிக வேலை இருக்கவில்லை. அந்தக் கதைகள் ஒரு குறுக்கெழுத்துப் புதிர் போல. கொலையாளிக்குத் தெளிவான புத்தியும் தெளிவான காரணமும் வேண்டும். சொத்து, பழிவாங்கல், ரகசியம் என்று ஏதாவது ஒன்று. "அவனுக்கே தெரியாது" என்று முடித்தால் ஏமாற்று வேலை என்று வாசகர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் உளவியல் ஊரெல்லாம் பேசப்படும் விஷயமானது. 1955-ல் மார்கரெட் மில்லர் 'பீஸ்ட் இன் வியூ' எழுதினார். தனியாக வாழும் ஹெலன் என்ற பணக்காரப் பெண்ணுக்கு ஈவ்லின் என்பவள் தொலைபேசியில் மிரட்டல் விடுகிறாள். அவளைக் கண்டுபிடிக்கச் சொல்லி ஹெலன் ஒருவரை அனுப்புகிறாள். கடைசியில் பார்த்தால் ஈவ்லின் பேசியதெல்லாம் ஹெலனின் வாயிலிருந்து வந்தவைதான். அமெரிக்க மர்மக்கதை எழுத்தாளர்கள் சங்கத்தின் எட்கர் விருது இந்த நாவலுக்குக் கிடைத்தது.

நான்கு வருஷத்தில் 'சைக்கோ' வந்தது. ராபர்ட் பிளாக் நாவலை எழுதியது 1959-ல், ஹிட்ச்காக் படமாக்கியது 1960-ல். விஸ்கான்சின் மாநிலத்தில் 1957-ல் பிடிபட்ட எட் கீன் என்ற கொலைகாரனின் செய்திதான் பிளாக்குக்குத் தூண்டுதல். ஆனால் கீனுக்கு இரட்டை ஆளுமை எதுவும் இல்லை. அதைச் சேர்த்தது பிளாக்.

நார்மன் பேட்ஸ் ஒரு லாட்ஜ் நடத்துகிறான். கொலைகளை அம்மா செய்கிறாள் என்று நம்புகிறான். அம்மா செத்துப் பல வருஷம் ஆகிறது, அவள் குரலும் உடையும் இவனுடையவை. படத்தின் கடைசிக் காட்சியில் 'அம்மா' மட்டும்தான் மிஞ்சியிருக்கிறாள். அவள் என்ன சொல்கிறாள் தெரியுமா? எல்லாம் மகன் செய்தது, தான் ஒரு ஈயைக்கூட அடிக்க மாட்டேன் என்கிறாள்! மகன் அம்மாவைக் கைகாட்டுகிறான், அம்மா மகனைக் கைகாட்டுகிறாள். உடல் ஒன்று, குற்றவாளிகள் பூஜ்ஜியம்.

ஆனால் கதையை இன்னொரு முறை பார்த்தால் இரண்டு விஷயங்கள் தட்டுப்படும். முதலாவது, 'அம்மா' கொன்ற பிறகு ரத்தத்தைக் கழுவி, உடலைக் காரில் போட்டுச் சதுப்பில் தள்ளுவது நார்மன். தெரிந்தே செய்கிறான். தடயத்தை மறைப்பது எந்த நாட்டுச் சட்டத்திலும் குற்றம். இரண்டாவது, இதற்கெல்லாம் பல வருஷம் முன்னால் அம்மாவையும் அவளுடைய காதலனையும் விஷம் வைத்துக் கொன்றவனும் நார்மனே. அந்தக் குற்ற உணர்ச்சியிலிருந்துதான் 'அம்மா' பிறக்கிறாள். அதாவது, அவன் இரண்டாகப் பிளந்தது முதல் கொலைக்குப் பிறகு. அந்த முதல் கொலைக்குக் கைகாட்ட 'அம்மா' என்று ஒருத்தி அவனுக்குள் அப்போது இல்லை. மருத்துவர் விளக்கம் கொடுக்கும் அவசரத்தில் படம் பார்ப்பவர்கள் இதைத் தவறவிட்டுவிடுகிறார்கள்.

கதை நீதிமன்றத்துக்குள் நுழைந்தது

1957-ல் 'தி த்ரீ ஃபேசஸ் ஆஃப் ஈவ்' படம், 1973-ல் 'சிபில்' புத்தகம், 1976-ல் அதன் தொலைக்காட்சி வடிவம் என்று பன்முக ஆளுமை அமெரிக்க வீடுகளுக்குள் வந்து உட்கார்ந்தது. 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு இதைத் தனி நோயாகவே பட்டியலிட்டது.

இதற்கிடையில் 1977-ல் ஒஹாயோ மாநிலத்தில் பில்லி மில்லிகன் கைதானார். பல்கலைக்கழக வளாகத்தில் மூன்று பெண்களைக் கடத்திப் பாலியல் வன்முறை செய்த வழக்கு. அவருக்குள் 10 பேர் இருப்பதாக மருத்துவர்கள் சொன்னார்கள், பிறகு கணக்கு 24 ஆனது. கொள்ளைக்கு ஒருவர் பொறுப்பு, வன்முறைக்கு வேறொருவர் பொறுப்பு என்றெல்லாம் விளக்கினார்கள். 1978 டிசம்பரில் நீதிமன்றம் மனநிலை காரணமாக அவரைக் குற்றவாளி அல்ல என்றது. கொடும் குற்றமொன்றில் பன்முக ஆளுமை என்ற வாதம் அமெரிக்காவில் வென்றது அதுவே முதல்முறை என்பார்கள். அடுத்த பத்து வருஷத்தை அவர் மனநல மருத்துவமனைகளில் கழித்தார்.

தீர்ப்பு வந்த அடுத்த மாதமே, 1979 ஜனவரியில், கென்னத் பியாங்கி பிடிபட்டான். லாஸ் ஏஞ்சல்ஸில் பத்துப் பெண்களைக் கொன்ற 'ஹில்சைட்' கொலைகளில் பங்காளி, பிறகு வாஷிங்டன் மாநிலத்தில் இரண்டு மாணவிகளைக் கொன்றவன். ஹிப்னாடிசம் செய்தபோது அவனுக்குள்ளிருந்து 'ஸ்டீவ்' என்று ஒருவன் வந்து, கொன்றது தான்தான் என்றான். சில மருத்துவர்கள் நம்பிவிட்டார்கள்.

அரசுத் தரப்பு மார்ட்டின் ஆர்ன் என்ற நிபுணரை அழைத்து வந்தது. அவர் பேச்சுவாக்கில், "உண்மையான நோயாளிகளுக்குப் பொதுவாக மூன்றாவது ஆளும் இருப்பான்" என்ற கருத்தைப் போட்டு வைத்தார். அவ்வளவுதான், அடுத்த ஹிப்னாடிசத்தில் 'பில்லி' என்று மூன்றாவது ஆள் ஆஜர்! அறையில் இல்லாத வழக்கறிஞர் இருப்பதாகச் சொன்னதும், எழுந்து காற்றோடு கைகுலுக்கினான். உண்மையில் ஹிப்னாடிசத்தில் இருப்பவர்கள் அப்படி மிகையாக நடிக்க மாட்டார்கள். போலீஸ் அதிகாரி ஒருவர் இன்னொன்றையும் பிடித்தார். 'ஸ்டீவ்' பேசும்போது சில இடங்களில் தன்னையே 'அவன்' என்று சொல்லிவிட்டான். ஜெகிலை மாட்டிவைத்த அதே இரண்டு சொற்கள்! 1979 அக்டோபரில் பியாங்கி குற்றத்தை ஒப்புக்கொண்டான்.

ஒரு கணம் யோசித்தால், ஸ்டீவ் உண்மையாகவே இருந்திருந்தாலும் என்ன மாறியிருக்கும்? ஸ்டீவுக்குத் தான் செய்தது தெரியும். தவறு என்றும் தெரியும். 1982-ல் ஒஹாயோவில் ஒரு குடிபோதை வாகன வழக்கில், ஓட்டியது தனக்குள் இருந்த இன்னொருத்தி என்று ஒரு பெண் வாதாடியபோது மேல்முறையீட்டு நீதிமன்றம் இதையே சொன்னது. ஓட்டியவள் எவளாக இருந்தாலும் உணர்வோடு ஓட்டினாளா, அது போதும்.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. 1993-ல் வேறொரு வழக்கில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுபக்கம் சாய்ந்தது. முதன்மையான ஆளுக்கு எதுவுமே தெரியாமல் இருந்திருந்தால், அதை நடுவர் குழு கருத்தில் கொள்ள இடம் தர வேண்டும் என்றது. சிறைக்குப் போவது அந்த ஒன்றும் அறியாத ஆளும்தானே என்ற நியாயம் இதில் இருக்கிறது. இரண்டு தீர்ப்புகளையும் அடுத்தடுத்துப் படித்தால் இரண்டுமே சரி என்று தோன்றும். அதுதான் இந்தக் கேள்வியின் கஷ்டம்.

சாதுவும் அந்நியனும்

பியாங்கியின் பாணியை நினைவூட்டும் நாவல் வில்லியம் டீலின் 'பிரைமல் ஃபியர்' (1993). 1996-ல் படமாகவும் வந்தது. பேராயரைக் கொன்றதாகக் கைதான திக்குவாய்ச் சிறுவன் ஆரன். நீதிமன்றத்தில் அவனுக்குள்ளிருந்து ராய் என்ற முரடன் வெளிப்பட, மனநோயாளி என்று தண்டனையிலிருந்து தப்புகிறான். கடைசியில் வழக்கறிஞரிடம் உண்மை உடைகிறது. ராய் என்று ஒருவன் இல்லை என்பதல்ல அந்த உண்மை. ஆரன் என்று ஒருவன் எப்போதுமே இருந்ததில்லை! கெட்டவன்தான் வேஷம் என்று எல்லோரும் சந்தேகிக்க, நல்லவனே வேஷமாகிப் போகிறான்.

தமிழில் இந்த விஷயத்தை நேருக்கு நேர் தொட்ட படம் 2005-ல் வந்த ஷங்கரின் 'அந்நியன்'. வசனம் எழுதியவர் சுஜாதா. அம்பி ஒரு வழக்கறிஞர், ஒழுங்கு தவறாதவன். சட்டத்தால் எதுவும் செய்ய முடியவில்லை என்ற ஆற்றாமையில் அவனுக்குள்ளிருந்து அந்நியன் எழுந்து, கருட புராணத்துத் தண்டனைகளைக் கொடுத்துக் கொல்கிறான். பெயரையே பாருங்கள். அந்நியன் என்றால் 'நம்மவன் இல்லை' என்று அர்த்தம். பொறுப்பைத் தள்ளிவிடும் வேலையைத் தலைப்பே செய்துவிடுகிறது.

படத்தில் நீதிமன்றம் அம்பியைச் சிகிச்சைக்கு அனுப்புகிறது. 84-வது பிரிவை வைத்து யோசித்தால் இது அவ்வளவு சுலபமில்லை. அந்நியனுக்குத் தான் கொல்வது தெரியும். சட்ட விரோதம் என்றும் தெரியும், ஊரைக் கூட்டி அறிவிக்கவே செய்கிறான். மருத்துவர் சொல்லும் மனநோயும் சட்டம் சொல்லும் மனநோயும் ஒன்றல்ல என்று இந்திய உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. நோய் இருந்தால் போதாது, அந்த நோய் அந்த நேரத்தில் அறிவை மறைத்திருக்க வேண்டும்.

படத்தின் முடிவு இன்னும் கூர்மையானது. குணமாகி வெளியே வந்தவன், ரயிலில் ஒரு பழைய குற்றவாளியைக் கண்டதும் கொன்றுவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல மனைவி பக்கத்தில் வந்து உட்கார்கிறான். இப்போது மறதி இல்லை. இரண்டு பேரும் ஒரே ஆளாகிவிட்டார்கள். சட்டப்படி படத்திலேயே மிகத் தெளிவான கொலை இதுதான். தியேட்டரில் பலத்த கைதட்டல் வாங்கிய கொலைகளில் இதுவும் ஒன்று!

கணக்கை முடிக்கும்போது

இந்த வகைக் கதைகளால் நஷ்டப்பட்டவர்கள் இருவர்.

முதலாமவர், உண்மையாகவே அந்த நோய் உள்ளவர். 1994 முதல் அதற்கு வேறு பெயர், 'விலகல் அடையாளக் கோளாறு' எனலாம். இப்படி அடையாளம் காணப்படுபவர்களில் பெரும்பாலானோர் சின்ன வயதில் கடுமையான கொடுமைகளை அனுபவித்ததாகச் சொல்பவர்கள். அவர்கள் பிறரைத் துன்புறுத்துவதைவிடத் தங்களையே காயப்படுத்திக்கொள்வதுதான் அதிகம். ஆனால் கதைகள் அவர்கள் கையில் கத்தியைக் கொடுத்துவிட்டன. 2016-ல் 'ஸ்ப்ளிட்' படம் வந்தபோது இதைச் சொல்லியே எதிர்ப்பு எழுந்தது. பியாங்கி போன்றவர்கள் நடித்துக் காட்டியதால், நிஜமாக நோயுள்ளவர் நீதிமன்றத்தில் உண்மையைச் சொன்னாலும் "நடிக்கிறான்" என்ற பார்வைதான் முதலில் விழும்.

இரண்டாமவர், இறந்தவர். கொலைகாரனுக்குள் இத்தனை பேரைத் தேடிக் கண்டுபிடிக்கும் கதைகள், செத்தவரை ஒரு ஆளாகக்கூடப் பார்ப்பதில்லை. ஸ்டீவன்சனின் கதையில் சர் டான்வர்ஸ் கேரூ வருவது ஒரு பக்கம்கூட இருக்காது. நிலா வெளிச்சத்தில் ஒரு முதியவர், எதிரே வந்தவனிடம் மரியாதையாகக் குனிந்து ஏதோ கேட்கிறார். மாடி ஜன்னலிலிருந்து பார்த்த வேலைக்காரப் பெண்ணுக்கு, அவர் வழி கேட்பது போலத்தான் தெரிகிறது.

எதிரே நின்றது ஜெகிலா, ஹைடா என்று நூற்று நாற்பது வருஷமாக நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். அவர் பார்த்தது ஒரே ஒரு மனிதனை. அந்த மனிதனின் கையில் ஒரு கைத்தடி இருந்தது.